பதினேழாவது திட்டு

பிள்ளைகள் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று யாராவது கேட்டால் அம்மா ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவாள். "பெரியவ விமானத்துல இருந்து புல்லைப் படம் எடுப்பா. சின்னவன் கீழ போய் அது புல்லுதானான்னு பாத்துட்டு வருவான்." கேட்டவர்கள் சிரிப்பார்கள். அம்மா சிரிக்க மாட்டாள். அவள் சொன்னதில் பெரிய தப்பும் இல்லை. அக்காவும் தம்பியும் ஒரே நில அளவை நிறுவனத்தில், ஒரே வேலையின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அக்காக்காரி விமானத்தில் ஏறியதென்னவோ இரண்டே தடவைதான். இரண்டு தடவையும் குடலைப் பிடுங்கிக்கொண்டு வந்தது. அதற்குப் பிறகு அவள் இடம் மூன்றாவது மாடியில் ஜன்னல் இல்லாத ஓர் அறை, இரண்டு திரைகள், காலுக்கடியில் ஒரு சின்ன மின்விசிறி. விமானத்தின் அடிவயிற்றில் ஓட்டை போட்டுப் பொருத்திய கேமரா கொண்டுவருவதையெல்லாம் அங்கே உட்கார்ந்துதான் பிரித்துப் பார்ப்பாள். சாதாரணக் கேமரா வெளிச்சத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாகப் பார்க்கும். இது நானூறு இழைகளுக்கு மேல் பிரித்துப் பார்க்கும். நம் கண்ணுக்கு எட்டாத வெளிச்சமும் அதில் சேர்த்தி. செடி ஒவ்வொன்றும் வெயிலில் கொஞ்சத்தை விழுங்கிவிட்டு மீதியைத் திருப்பி அனுப்புகிறது. எதை விழுங்கியது, எதை விட்டது என்று கோடாக வரைந்தால் செடிக்குச் செடி வேறாக இருக்கும். பதினெட்டு வருடம் பார்த்துப் பார்த்து அந்தக் கோடுகள் அவளுக்குத் தெரிந்தவர்களின் கையெழுத்து போல ஆகிவிட்டன. நோய் வந்த செடியின் கோடு இலை பழுப்பதற்கு நாலைந்து நாள் முன்னாலேயே சரிந்துவிடும். அதையும் அவள் சொல்லிவிடுவாள்.

தம்பியை அலுவலகத்தில் எல்லோரும் கொக்கு என்றுதான் கூப்பிட்டார்கள். ஆறடிக்கு மேல் உயரம், குச்சிக் கால், நாள் முழுக்கச் சேற்றில் நிற்கிற வேலை; வேறு என்ன பெயர் வைப்பார்கள்? விமானம் பறக்கும் நாளில் கறுப்பும் சாம்பலும் வெள்ளையுமாக மூன்று பெரிய தார்ப்பாய்களைத் தரையில் விரித்துவைத்துப் பக்கத்தில் நிற்பான். மேலே இருக்கும் கேமரா ஒழுங்காகப் பார்க்கிறதா என்று சரிபார்க்க அவைதான் அளவுகோல். மற்ற நாள்களில் செடியின் கோட்டைக் கிட்ட இருந்தே அளந்து காட்டும் கைக்கருவியோடு நடந்து, அக்கா திரையில் கண்டது தரையில் உண்டா என்று பார்த்து வருவான்.

ஆறு கடலோடு சேரும் இடத்தில் ஒரு சதுப்பு நிலம் இருந்தது. துறைமுகத்திலிருந்து கிடங்குகளுக்குப் போகும் புதுச் சாலையை அதன் குறுக்கே போட ஒரு நிறுவனம் வரைபடம் தயாரித்திருந்தது. போடுவதற்கு முன் அங்கே என்னென்ன உயிர் வாழ்கிறது என்று கணக்கெடுத்துச் சுற்றுச்சூழல் வாரியத்திடம் கொடுக்க வேண்டும். அந்த வேலைதான் இவர்களிடம் வந்தது.

கொக்குக்கு அந்தச் சதுப்பு புதிதல்ல. நான்கு வருடமாக விடுமுறை நாள்களில்கூட அங்கே போய் வந்துகொண்டிருந்தான். காரணம் ஊசிக்கோரை என்று அவன் சொல்லும் ஒரு செடி. பார்த்தால் சாதாரணக் கோரை மாதிரியே இருக்கும். குனிந்து தண்டை ஒடித்துப் பார்த்தால்தான் வேறு என்று தெரியும். நகத்தளவுக்கு ஒரு சாம்பல் நிறப் பட்டாம்பூச்சி அந்தச் செடியில் மட்டுமே முட்டை வைக்கும், வேறு எதிலும் வைக்காது. நான்கு வருடத்தில் அவன் கால் தேய நடந்து கண்டுபிடித்தது ஒன்பது திட்டுகள், ஒவ்வொன்றும் ஒரு பாய் விரித்த அளவு.

அக்கா அந்த ஒன்பதின் கோடுகளை எடுத்துவைத்துக்கொண்டு, சதுப்பு முழுக்க இதே கோடு வேறெங்கே இருக்கிறது என்று தேடினாள். ஊசிக்கோரையின் தண்டில் ஏதோ மெழுகு இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தில் ஓரிடத்தில் அதன் கோடு சின்னதாக ஒரு பள்ளம் விழுந்து எழுந்தது. வேறெந்தக் கோரைக்கும் அந்தப் பள்ளம் இல்லை. ஐந்து வாரம் உட்கார்ந்து, காற்றில் இருந்த ஈரத்தையும் தண்ணீரின் பளபளப்பையும் கழித்துக் கழித்துப் பார்த்ததில் நாற்பத்து மூன்று திட்டுகள் வந்தன. எங்கோ தப்பு பண்ணியிருக்கிறோம் என்றுதான் முதலில் நினைத்தாள்.

கொக்கு ஆறு நாள் நடந்தான். ஆறாம் நாள் சாயங்காலம் தொடை வரை சேறோடு வந்து சமையலறை வாசலில் நின்றான்.

"நாப்பத்தி மூணும் இருக்கு."

"எது இருந்தா என்ன, காலைக் கழுவிட்டு உள்ள வா" என்றாள் அம்மா.

அவன் கழுவப் போகவில்லை. அப்படியே நின்றுகொண்டு, வாய் காது வரை போக, ஒவ்வொரு திட்டாகச் சொன்னான். எந்தத் திட்டில் எத்தனை முட்டை, எந்தத் திட்டுக்குப் போக இடுப்பளவு தண்ணீரில் இறங்கினான் எல்லாம் சொன்னான். நான்கு வருடம் அந்தப் பூச்சி முடிந்துபோகிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தவன் அவன்.

"அக்கா, இடத்தை மட்டும் வெளிய குடுக்காத. பெரிய பெரிய கட்டமாப் போட்டு, இந்தக் கட்டத்துல இத்தனை இருக்குன்னு மட்டும் காட்டு."

"அது எனக்குத் தெரியாதாடா."

"அப்புறம், பதினேழாவது மட்டும் உன் புள்ளியில இல்ல. வடக்கால ஆறு மீட்டர் தள்ளி இருக்கு. உன் புள்ளியில வெறும் கோரைதான்."

"அன்னிக்குக் காத்து அடிச்சுதுல்ல, விமானம் ஆடியிருக்கும். சரி பண்ணிடறேன்."

சரி பண்ண வேண்டும் என்றுதான் நினைத்தாள். மறுநாள் வேறொரு வேலை தலையில் வந்து விழ, அது அப்படியே நின்றுபோனது.

வாரியத்தின் விதி எளிமையானது. ஓர் அரிய செடி பத்துத் திட்டுகளுக்கு மேல் இருந்தால் அது வாழிடம். அங்கே கட்டுமானம் கூடாது. நாற்பத்து மூன்று இருக்கும்போது பேச்சுக்கே இடமில்லை, சாலை சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். அறிக்கையைக் கட்டம் கட்டமாகப் போட்டே அக்கா கொடுத்தாள்.

அதற்குப் பிறகு ஒரு கூட்டம் நடந்தது. நீள மேசையின் ஒருபக்கம் அக்காவும் அவளுடைய மேலாளரும், மறுபக்கம் சாலை நிறுவனத்தார், நடுவில் வாரியத்திலிருந்து ஓர் அம்மாள். சாலை நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் குரலை உயர்த்தாத மனிதர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். எங்க ஆளுங்க போய்ப் பாத்தாங்க. எல்லாம் ஒரே கோரையாத்தான் தெரியுதுங்கறாங்க. நிழலா இருக்கலாம், ஈரமா இருக்கலாம். மிஷின் சொல்றதை வெச்சு ஒரு சாலையையே திருப்பணும்னா யோசிக்கணும் இல்லையா?"

மேசையின் கோடியில் யாரோ லேசாகச் சிரித்தார்கள். அவளுக்குக் காது சுட்டது. பதினெட்டு வருட வேலை. திரையைப் பார்த்துப் பார்த்துக் கண்ணாடியின் தடிமன் மூன்று முறை கூடியிருந்தது. நிழலுக்கும் செடிக்கும் வித்தியாசம் தெரியாதவள் என்று ஒருவர், அதுவும் அவ்வளவு மரியாதையாகச் சொல்லிவிட்டார். வாரியத்து அம்மாள் பார்த்துக்கொள்வார், நாம் பேசாமல் இருக்கலாம் என்று ஒரு விநாடி தோன்றத்தான் செய்தது.

"புள்ளியாவே அனுப்பறேன்" என்றாள். "நேர்ல போய் ஒடிச்சுப் பாருங்க. ஒரு மீட்டர் தள்ளி இருந்தா என்னை வந்து கேளுங்க."

லேப்டாப்பைத் திறந்து, நாற்பத்து மூன்று புள்ளிகளும் இருந்த ஃபைலை, கூட்டத்துக்கு அழைத்திருந்த மெயிலிலேயே சேர்த்து, எல்லோருக்குமாக அனுப்பினாள். மேலாளர் மேசைக்கடியில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். படியிறங்கும்போது அவளுக்கு உடம்பே லேசாகிவிட்ட மாதிரி இருந்தது. இதைச் சொல்லியே ஆக வேண்டும்: அன்றைக்கு அவள் சந்தோஷமாகத்தான் வீட்டுக்குப் போனாள். தம்பியிடம் சொல்லவில்லை. சொன்னால் திட்டுவான் என்று தெரியும்.

பத்து வாரம் கழித்து இன்னொரு முறை பறந்து பார்த்து, அந்த முடிவை வைத்து இறுதி உத்தரவு போடலாம் என்று வாரியம் எழுதியது. இடையில் கொக்கை மலைக்காட்டு வேலை ஒன்றுக்கு எட்டு வாரம் அனுப்பிவைத்தார்கள். இதில் சதி எதுவும் இல்லை. அந்த வேலைக்கு வேறு ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது முறை பறந்த நாளில் வானம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. உச்சி வெயில், வற்றிய தண்ணீர், ஒரு பொட்டு மேகம் கிடையாது. விமானம் உழவுச்சால் ஓட்டுவது போல மேலும் கீழுமாக இருபத்திரண்டு கோடு ஓட்டிவிட்டு இறங்கியது. விமானி எப்போதும் குறை சொல்லும் ஆள். அன்று அவருக்கே குறை கிடைக்கவில்லை. வட்டுகளை அக்காவின் மேசையில் வைத்துவிட்டு, "மேல இருந்து பாத்தா பச்சைப் பசேல்னு கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கு மேடம்" என்றார்.

மறுநாள் காலை அவள் முதல் திட்டைத் திறந்தாள். கோடு சரிந்திருந்தது. சிவப்பு முடிந்து கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் தொடங்கும் இடத்தில், உயிருள்ள செடியின் கோடு சுவர் மாதிரி நிமிர்ந்து ஏறும். அந்தச் சுவர் இடிந்து, சறுக்குமரம் போல் சாய்ந்து கிடந்தது. இரண்டாவது திட்டும் அப்படி. ஐந்தாவதும் அப்படி. கேமரா கெட்டிருக்கும் என்று தார்ப்பாய்களின் கணக்கைப் பார்த்தாள், பிசகில்லை. காற்றில் ஏதாவது கலந்திருக்கும் என்று சுற்றி இருந்த கோரையைப் பார்த்தாள். அது கொழுகொழுவென்று இருந்தது. உப்பு ஏறியிருந்தால் எல்லாமே வாடியிருக்க வேண்டும். இங்கே வாடியது வட்டம் வட்டமாக, ஒவ்வொன்றும் மூன்று மீட்டர் விட்டத்துக்குள், காம்பஸ் வைத்து வரைந்த மாதிரி.

கண்ணுக்கு இன்னும் பச்சையாகத் தெரிந்துகொண்டிருந்த நாற்பத்து மூன்று வட்டங்கள் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தன. யாரோ மருந்தடித்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது.

அப்போதும் அவள் மனம் ஒரு பொந்தைத் தேடியது. வேறு யாராவது, வேறு எப்படியாவது இந்த இடங்களைக் கண்டுபிடித்திருக்கலாம் இல்லையா? பதினேழாவதைத் திறந்தாள். வட்டம் இருந்தது. வட்டத்துக்குள் செத்துக்கொண்டிருந்தது வெறும் கோரை. வடக்கே ஆறு மீட்டர் தள்ளி, ஒரு பாய் அளவுக்கு, ஊசிக்கோரை ஒரு குறையும் இல்லாமல் நின்றது.

அவள் ஃபைலில் இருந்த ஒரே பிழை அது. அந்தப் பிழையைத் தவிர வேறெதுவும் உயிரோடு இல்லை.

கொக்கு கீழ்த்தளத்துக் கருவி அறையில் தார்ப்பாய்களைக் கழுவி மடித்துக்கொண்டிருந்தான். அவள் கதவருகில் நின்றே எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கை நின்றது.

"புள்ளி யார்கிட்ட இருந்துச்சு?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அலுவலகக் கணினியில் யார் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம் என்று சொல்லியிருக்கலாம். அவளால் முடியவில்லை.

"நான்தான் அனுப்பினேன். கூட்டத்துல. பதினோரு பேருக்கு."

"எதுக்கு?"

"நிழல்னு சொன்னாங்கடா."

அவன் சாம்பல் தார்ப்பாயின் மீதி மடிப்புகளையும் மடித்து, மூலையோடு மூலை சேர்த்து, அலமாரியில் வைத்தான். பிறகு செருப்பைக்கூட மாட்டாமல் வண்டியை எடுத்துக்கொண்டு சதுப்புக்குப் போனான். திரும்பி வந்தபோது அம்மாவிடம் மட்டும், "முட்டையெல்லாம் காஞ்சுபோச்சும்மா" என்றான். அம்மாவுக்கு எந்த முட்டை என்று புரியவில்லை.

அக்கா ஓடாத இடமில்லை. காவல் நிலையத்தில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். "மருந்து அடிச்சதை யாராவது பாத்தாங்களா?" என்று கேட்டார்கள். அந்தச் சேற்றில் பார்க்க யார் இருக்கிறார்கள்? பதினோரு பேரும் அந்த மெயிலை வேறு யார் யாருக்கோ அனுப்பியிருந்தார்கள். அது எங்கே போய் நின்றது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. தலைமைப் பொறியாளர் தொலைபேசியில் உண்மையிலேயே வருத்தப்பட்டார், அல்லது வருத்தப்படுவது போலவே பேசினார். மேலாளர், "நாம படம் எடுத்துக் குடுக்கறவங்க. அதோட நிறுத்திக்கலாம்" என்றார்.

கடைசியாக வாரியத்து அம்மாளிடம் போனாள். நல்ல மனுஷி அவர். வட்டங்களின் படத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பதினேழாவதில் விரல் வைத்து, "ஐயோ பாவமே" என்று மெதுவாகச் சொன்னார்.

"யாரோ வேணும்னே பண்ணியிருக்காங்க, எனக்குத் தெரியுது. நீங்க இணைப்பா குடுங்க, கோப்புல சேத்துடறேன். ஆனா உத்தரவை நிறுத்த முடியாதும்மா. செத்ததுக்கு எங்க படிவத்துல இடம் இல்ல. இப்ப இருக்கறது எத்தனைன்னு மட்டும்தான் கேக்குது."

"ஒண்ணு இருக்கே."

"பத்துக்குக் கீழன்னா ஏதோ தற்செயலா மொளச்சதுன்னுதான் எடுத்துக்குவாங்க, வாழிடம்னு எடுத்துக்க மாட்டாங்க. நீங்க ஒண்ணுன்னு எழுதினா, இறுதிப் படிவத்துல கட்டம் போதாது, அது எங்கன்னும் எழுதணும். அந்தத் தாள் நாலு இடத்துக்குப் போகும். அது உங்களுக்கே தெரியும்."

வீட்டுக்கு வந்து தம்பியின் அறைக் கதவைத் தட்டினாள். இரண்டு வாரமாக அவன் அவளோடு பேசவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் உப்பை எடுக்கச் சொல்லிக்கூட அம்மாவிடம்தான் சொல்வான். அவள் நின்றபடியே விஷயத்தைச் சொன்னாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு, "இல்லைன்னு எழுது. நான் எடுத்துடறேன்" என்றான்.

மறுநாள் அவள் படிவத்தை நிரப்பினாள். ஊசிக்கோரை, திட்டுகளின் எண்ணிக்கை என்ற இடத்தில் பூஜ்யம் போட்டாள். பதினெட்டு வருடத்தில் தெரிந்தே அவள் எழுதிய முதல் பொய் அது. கீழே கையெழுத்துப் போடும்போது பேனா தயங்கவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

கொக்கு மூன்று நாள் விடுப்புப் போட்டுவிட்டு, அந்தத் திட்டைச் சேற்றோடு வெட்டி எடுத்தான். அந்த மண் இல்லாமல் அது நிற்காது என்று மூட்டை மூட்டையாக மண்ணும், கேன் கேனாக உப்புக் கலந்த தண்ணீரும் சுமந்து வந்தான். மொட்டைமாடியில் ஆறு பிளாஸ்டிக் தொட்டிகள். கடலில் தண்ணீர் ஏறி இறங்கும் நேரத்தைத் தாளில் எழுதி ஒட்டிவைத்து, அதே நேரத்துக்குத் தொட்டிகளில் தண்ணீர் விட்டான், அதே நேரத்துக்கு வடித்தான். இலைகளில் இருபதுக்குக் குறையாமல் முட்டைகள் இருந்தன. அம்மா துணி காயப்போடும் கொடியை அவனுக்காகப் பின்பக்கம் மாற்றிக் கட்டினாள்.

நான்காம் நாள், அவன் இல்லாத நேரமாகப் பார்த்து, அக்கா அலுவலகத்துக் கைக்கருவியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். தொட்டிகள் ஆறும் பச்சையாக, நிமிர்ந்து நின்றன. முதல் தொட்டியில் கருவியை நீட்டினாள். சின்னத் திரையில் கோடு எழுந்தது. சுவர் கொஞ்சம் சாய்ந்திருந்தது. இரண்டாவது தொட்டியிலும் சாய்ந்திருந்தது. ஆறு தொட்டியிலும் அதே சாய்வு. வெயில் சரியில்லை என்று அடுத்த நாள் உச்சி வேளையில் பார்த்தாள். இன்னும் சாய்ந்திருந்தது. அதற்கடுத்த நாளும் பார்த்தாள். அந்தக் கோட்டை அவளுக்குத் தெரியாதா என்ன.

ஏழாம் நாள் அவள் கருவியோடு நிற்கும்போது கொக்கு படியேறி வந்துவிட்டான். கையில் தண்ணீர்க் கேன். மறைக்க நேரமில்லை. அவன் கருவியைப் பார்த்தான், தொட்டிகளைப் பார்த்தான், மூன்று வாரத்தில் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தான்.

"எப்படிக்கா இருக்கு?"

"பரவால்லடா" என்றாள். "வேர் பிடிச்சுட்டு இருக்கு."

அவன் தலையாட்டினான். முகத்தில் ஏதோ ஒன்று தளர்ந்தது. கேனைச் சாய்த்து, ஒவ்வொரு தொட்டியாக, இலையில் தெறிக்காமல் ஓரமாகத் தண்ணீர் விட்டான். அவள் கருவியை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினாள். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அம்மாவுக்குக் கேட்காமல் அழுதாள்.

பத்தாம் நாள் நுனிகள் பழுத்தன. கொக்கு நுனிகளைக் கத்தரித்தான். பன்னிரண்டாம் நாள் தண்டுகள் சாய்ந்தன. முட்டைகளில் ஏழு பொரித்தன. புழுக்கள் நூல் மாதிரி இருந்தன. தின்ன ஒன்றும் இல்லாமல் அவை தொட்டியின் விளிம்பில் ஊர்ந்து ஊர்ந்து நின்றுபோயின. அவன் சாதாரணக் கோரையைப் பறித்துப் போட்டுப் பார்த்தான். அவை அதைத் தொடவில்லை.

அவள் படிவத்தில் எழுதிய பூஜ்யம் அதற்குள் உண்மையாகிவிட்டது. வாரியத்தின் உத்தரவும் அந்த வாரமே வந்தது. அவளுடைய இணைப்பு சேர்க்கப்பட்டதாக அதில் ஒரு வரி இருந்தது. அடுத்த மாதம் சதுப்பின் கிழக்கோரத்தில் மண்ணடிக்கத் தொடங்கினார்கள். மேலாளர் நிறுவனத்தின் அறிமுகப் புத்தகத்தில் அவளுடைய முதல் வரைபடத்தைப் போட்டார். நாற்பத்து மூன்று புள்ளிகளும் சிவப்பாக, அழகாக அச்சாகியிருந்தன. அவள் வேண்டாம் என்று சொன்னபோது, அச்சுக்குப் போய்விட்டதே என்றார்.

கொக்கு வேலையை விட்டான். வேறு ஊரில் தரை ஓடு விற்கும் கடையில் கணக்கு எழுத ஆள் கேட்கிறார்கள் என்று அம்மாவிடம் சொன்னான். "உனக்கெதுக்குடா அந்த வேலை?" என்று அம்மா கேட்டாள். "காலு ஈரமாகாதும்மா" என்றான்.

கிளம்புவதற்கு முன்தினம் காலையில் மாடிக்குப் போய்த் தொட்டிகளில் இருந்த சேற்றையெல்லாம் பின்பக்கத்துச் சாக்கடையில் கொட்டினான். ஆறு தொட்டிகளையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உதவிக்குப் போகலாமா என்று நினைத்தாள், போகவில்லை. அவன் தொட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி அம்மாவிடம் கொடுத்தான்.

"துணி ஊறவைக்க ஆகும்" என்றான்.